ஆறு ஹீட்டர் பிளக்கும் ஒரு முன்னாள் கணவரும்

விவாகரத்தில் லாரி அவளுக்கு வந்தது. அதை ஸ்டார்ட் செய்யும் வித்தை மட்டும் கணவரிடமே தங்கிவிட்டது. அதையும் எழுதி வாங்க வேண்டும் என்று வக்கீலுக்கும் தோன்றவில்லை, நீதிபதிக்கும் தோன்றவில்லை. தீர்ப்பு வந்தது கொளுத்தும் வெயிலில். வெயில் காலத்தில் அந்தக் கிழட்டு டீசல் லாரி சாவியைக் காட்டினாலே புறப்பட்டுவிடும். குளிர் இறங்கிய பிறகுதான் சங்கதி சந்திக்கு வந்தது.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவள் தொழில். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் லாரிக்காரி. அவளிடம் சுமை தூக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் கட்டிலைத் தனி ஆளாகத் தூக்குவான், அதனால் அவன் பெயர் கட்டில். இன்னொருவன் பீரோவைத் தனி ஆளாகத் தூக்குவேன் என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியவன், அதனால் அவன் பீரோ. அவளுடைய பழைய கணவருக்கு இவர்கள் வைத்த பெயர் முன்னாள்.

குளிர்காலக் காலைகளில் லாரிக்காரி சாவியைத் திருப்புவாள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அறுபது எண்ணிவிட்டு ஸ்டார்ட்டரைக் கொடுப்பாள். இன்ஜின் கிழவன் தொண்டையைச் செருமுவதுபோல் நாலு தடவை செருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். எட்டுத் தடவை முயன்றால் பேட்டரியும் கூடச் சேர்ந்து படுத்துக்கொள்ளும். அதற்குமேல் முன்னாளுக்குப் போன் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் வருகிற அழகே தனி. இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில்தான் இருந்தார். காதைச் சுற்றி மஃப்ளரும் முகத்தில் பெருந்தன்மையுமாகச் சைக்கிளில் வருவார். முதலில் டீ. பிறகு லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மட்கார்டைத் தடவிக் கொடுப்பார். "எல்லாரும் தள்ளிப் போங்க, இன்ஜினுக்குக் கூட்டம் ஆகாது" என்று விரட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிவிடுவார். உள்ளே குனிவார், நிமிர்வார், எதையோ முணுமுணுப்பார். வாழ்நாளில் ஒரு பீடி பிடிக்காத மனிதர் சாம்பல் தட்டைக்கூட ஒரு முறை இழுத்து மூடுவார். கொஞ்ச நேரத்தில் லாரி தெருவையே மறைக்கிற மாதிரி வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு உறுமத் தொடங்கும். முன்னாள் கையைத் தட்டிக்கொண்டு இறங்குவார்.

"உனக்குக் கைராசி இல்லம்மா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

பதின்மூன்று வருடத் தாம்பத்தியத்தில் பதினோரு வருடம் அவர் இதைத்தான் சொன்னார். கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். யார் வீட்டுச் சாமானை ஏற்றினாலும் புது வீட்டுக்குள் முதல் பெட்டியை அவள் தொடமாட்டாள், அதைக் கட்டிலிடம் கொடுத்துத்தான் எடுத்துப் போகச் சொல்வாள். பாவம், அந்தக் குடும்பமாவது நன்றாக இருக்கட்டும் என்று.

ஒருநாள் காலை முன்னாள் போனை எடுத்தபோது முடி வெட்டிக்கொண்டிருந்தார். பாதித் தலையோடு எழுந்து வர முடியாது என்றார். நியாயம்தான். ஆனால் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து, சாவியையும் கொடுத்துவிட்டு, நடுத்தெருவில் சோபா போட்டு உட்கார்ந்திருந்தது. தாத்தாவுக்குப் போர்வை போர்த்தியிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் வீடு இடிந்துவிட்டதா என்று துக்கம் விசாரித்தார்கள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அந்தக் குடும்பத் தலைவர் கேட்டதற்கு, "முன்னாள் வரணுங்க" என்றான் பீரோ. ஏதோ பெரிய பதவியில் இருந்தவர் என்று நினைத்த மனிதர், ஒன்றரை மணி நேரம் கழித்துச் சைக்கிள் வந்து நின்றதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். முன்னாளும் கொஞ்சமும் கூசாமல் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

லாரிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே அண்ணிக்குப் போன் செய்தாள்.

அண்ணி என்றால் அவளுடைய அண்ணன் மனைவி. பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். இருபது வருடமாக இருநூறு பஸ்களின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பழகியவள், வார்த்தையைத்தான் அளந்து விடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையும் டெஸ்ட் லேம்ப்பும் எடுத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறந்தாள்.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை அமுக்குகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். குளிரில் அந்தச் சூடு போதாது. அதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சுண்டுவிரல் மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், கரண்ட் கொடுத்தால் பழுக்கும். அதுதான் ஹீட்டர் பிளக். அண்ணி டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரியில் மாட்டி, மறுமுனையால் ஆறு பிளக்கையும் தொட்டுப் பார்த்தாள். நாலில் விளக்கு எரிந்தது. இரண்டில் எரியவில்லை.

"ரெண்டு செத்துப்போச்சு. மிச்சம் நாலும் பென்ஷன் வாங்குற வயசு. கழட்டிடலாம்" என்றாள்.

இன்ஜினைச் சூடாக்கினால்தான் பிளக் கழலும், ஸ்டார்ட் ஆனால்தானே சூடாகும். நல்லவேளையாக அன்று மதியம் வெயில் அடித்தது. கொஞ்சம் கெஞ்சியதில் லாரி மனமிரங்கியது. ஐந்து பிளக்குகள் முனகலோடு வந்துவிட்டன. ஆறாவது வருவேனா என்றது. அண்ணி எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்றுப் பின்னே என்று ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினாள். உடைந்து உள்ளே விழுந்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்றி இறக்க வேண்டியிருக்கும் என்பதால் லாரிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நுனி வீங்கிப்போய், சளி பிடித்த மூக்கு மாதிரி வெளியே வந்தது.

புதிதாகப் போட்டவை வேகமாகச் சூடேறும் ரகம். அறுபது எண்ணத் தேவையில்லை, ஏழெட்டுப் போதும். அதையும் யாரும் எண்ண வேண்டாம், குளிரைப் பார்த்துத் தானே நேரம் வைத்துக்கொண்டு பிளக்குக்குக் கரண்ட் விடுகிற ரிலே ஒன்றை அண்ணி கொண்டுவந்திருந்தாள். கருகிப்போன பழைய ரிலேயைக் கழற்றிவிட்டு, தடித்த கேபிளும் ஃபியூஸும் போட்டு, எர்த் கம்பி உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். மிச்சமிருந்தது சாவியிலிருந்து ரிலேக்கு வருகிற ஒரு மெல்லிய ஒயர். அது எங்கே போகிறது என்று பார்க்க டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு, "இங்க வாடி" என்றாள்.

ஒயர் நேராக ரிலேக்குப் போகவில்லை. வழியில் வெட்டப்பட்டு, சாம்பல் தட்டுக்குப் பின்னால் போய், நகம் அளவு சுவிட்ச் ஒன்றில் ஏறி இறங்கியது. மஞ்சள் விளக்குக்குப் போகும் ஒயர் அந்தச் சுவிட்சுக்கு முன்பே தனியாகக் கிளை பிரிந்து போயிருந்தது. ஆக, யார் சாவியைத் திருப்பினாலும் விளக்கு எரியும். சாம்பல் தட்டை இழுத்து அந்தச் சுவிட்சைத் தட்டினால்தான் பிளக் சூடேறும்.

"ஒயரைப் பாரு, பழுப்பேறிக் கிடக்கு. நேத்து இன்னிக்குப் போட்டதில்ல" என்றாள் அண்ணி.

லாரிக்காரி படியில் உட்கார்ந்தாள். பதினோரு வருடக் காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. விரல் விறைத்து, புகைக்குள் நின்று, தன் கையைத் தானே பார்த்துக்கொண்ட காலைகள். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்து மட்கார்டில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். மட்கார்டு என்ன பாவம் செய்தது என்று அண்ணி கேட்கவில்லை.

"சுவிட்சைப் பிடுங்கிடவா?"

"வேண்டாம் அண்ணி. அது அங்கேயே இருக்கட்டும். ஹார்னுக்குக் கொடுங்க."

அண்ணி பல் தெரியச் சிரித்து லாரிக்காரி அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் கைவிரல் மடங்காத குளிர். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கை இடம் மாற்ற வேண்டும். லாரிக்காரி வழக்கம்போல் போன் போட்டாள். முன்னாள் வழக்கம்போல் வந்தார், டீ குடித்தார், வண்டியைச் சுற்றினார், கூட்டத்தை விரட்டினார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி, சாவியில் கை வைக்கும் முன்பே சாம்பல் தட்டை இழுத்துச் சுவிட்சைத் தட்டினார்.

லாரி ஹார்ன் என்றால் மூன்று தெருவுக்குக் கேட்கிற ஹார்ன். அலறிய அலறலில் மாடி ஜன்னல்கள் திறந்தன. எங்கோ ஒரு நாய் எதிர்ப்பாட்டுப் பாடியது. முன்னாள் சுவிட்சை அணைத்தார், நின்றது. நம்பிக்கை போகாமல் மறுபடி தட்டினார், மறுபடி அலறியது. கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"ஹார்ன் ஷார்ட் ஆயிருக்கு" என்றார்.

"எதைத் தொட்டீங்க?" என்று கேட்டாள் லாரிக்காரி.

முன்னாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "ஒண்ணும் தொடலையே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்து, ஏழெட்டு நொடியில் தானே அணைந்தது. ஸ்டார்ட்டரைக் கொடுத்தாள். ஒரே சுற்றில் லாரி பிடித்துக்கொண்டது. புகையென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பீரோ கைதட்ட ஆரம்பித்து, கட்டில் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்ப வெச்சீங்க அந்த சுவிட்சை?"

முன்னாள் மஃப்ளரை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். பொய்யைத் தேடினார். அவ்வளவு காலையில் ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது.

"நீ வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட வருஷம்."

"ஏன்?"

"ரெண்டே மாசத்துல என்னைவிட நல்லா ரிவர்ஸ் எடுத்தே" என்றார். மஃப்ளரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி, "எல்லாரும் பாத்தாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

திட்டுவதற்கென்று ராத்திரி முழுக்க அவள் வாக்கியம் வாக்கியமாகக் கட்டி வைத்திருந்தாள். அவரைப் பார்த்தபோது அதில் ஒன்றும் பொருந்தவில்லை. குளிரில் காது சிவந்து நிற்கிற நடுவயது மனிதர், அவ்வளவுதான். இவரையா பதினோரு வருடம் நம்பினோம் என்று தன்மேல்தான் கோபம் வந்தது. அதுவும் இன்ஜின் சத்தத்தில் கொஞ்ச நேரத்தில் கரைந்தது.

"சைக்கிளை எடுங்க. வண்டிக்குப் பின்னால நிக்குது. ரிவர்ஸ் எடுக்கணும்" என்றாள்.

அவர் எடுத்தார். அவள் அந்தக் குறுகலான சந்தில் ஒரே மூச்சில் பின்னுக்கு வந்து, சுவருக்கு ஒரு சாண் விட்டுத் திருப்பிக்கொண்டு போனாள். கண்ணாடியில் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

டாக்டரின் புது இடம் மேட்டுத்தெரு உச்சியில். பல் பிடுங்கும் நாற்காலியைக் கட்டிலும் பீரோவும் சேர்ந்துகூட அசைக்க முடியாமல், கடைசியில் டாக்டரே கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு கை கொடுத்தார். வெளியே லாரிக்காரி ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாள். வழக்கமாகக் குளிர்நாளில் வேலை முடிகிறவரை இன்ஜினை அணைக்கவே மாட்டாள், அணைத்தால் போச்சு. அன்று சாவியைத் திருப்பி அணைத்தாள்.

சட்டென்று அமைதி. இத்தனை வருடம் ஏற்றி இறக்குகிற இடத்தில் என்னென்ன சத்தம் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்தது. மாடிப்படியில் பீரோ, லாரிக்காரி நம்மை மாடாய் வேலை வாங்குகிறாள், அவள் வண்டி ஓட்டுகிற வேகத்துக்கு நம் முதுகெலும்பு தனியாகக் கழன்று விழும் என்று டாக்டரிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தப் புராணத்தை எத்தனை வருடமாகப் படிக்கிறானோ.

அவள் இறங்கி, புது இடத்துக்குள் போகும் முதல் பெட்டியாக மேஜை விளக்கு இருந்ததைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறப் போனாள்.