இடுப்பகலப் படகு

ஃபோம் அட்டையை அறுக்க ரொட்டிக் கத்தியை மிஞ்சிய கத்தி கிடையாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பல் வைத்த கத்தி. அவருடைய பேக்கரியில் ரொட்டிக்குள் இறங்குவதுபோலவே இதற்குள்ளும் சத்தமில்லாமல் இறங்கியது. அறுத்த துண்டைப் படகின் இருக்கைக் குழியில் பக்கவாட்டாக வைத்து அழுத்திப் பார்த்தார்.

"பத்தாதுங்க," என்றாள் அவர் மனைவி, கட்டிலில் படுத்தபடியே. "இன்னும் ஒரு விரல் தடிமனா வைங்க."

"அங்க படுத்துக்கிட்டே எப்படித் தெரியுது உனக்கு?"

"என் இடுப்பு எனக்குத் தெரியாதா? இப்ப அது இருந்தாத்தானே குழி நெறையும்."

அவர் இன்னொரு துண்டு அறுத்தார்.

படகு கூடத்தை நிறைத்துக்கொண்டு கிடந்தது. ஆறு மீட்டருக்கு மேல் நீளம், ஓர் ஆள் இடுப்பு அகலம். சர்ஃப்ஸ்கி என்பார்கள். கடலில் அலையோடு ஓடுவதற்கென்றே செய்தது. உள்ளே நுழைந்து உட்காரும் படகு அல்ல. மேலே உள்ள குழியில் உட்கார்ந்து, காலை நீட்டி, துடுப்புப் போட வேண்டும். பாதத்துக்கு நேராக இரண்டு பெடல். மிதித்தால் வாலுக்கு அடியில் இருக்கும் சுக்கான் திரும்பும். அடிப்பாகம் உருண்டை என்பதால் தரையில் நிற்காது. பேக்கரியிலிருந்து மாவு மூட்டைகளைக் கொண்டுவந்து சுக்கான் தரையில் இடிக்காதபடி அடியிலும் இரண்டு பக்கமும் அணை கொடுத்து நிறுத்தியிருந்தார். மூக்கு வாசற்கதவை முட்டிக்கொண்டிருந்தது. வால் சமையலறை நிலையைத் தாண்டி உள்ளே போய்விட்டது. நேற்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பின்கதவு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது.

காலையில் நர்ஸ் அப்படித்தான் வந்தாள். ஊசி போட்டு, கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, போகும்போது அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"ஐயா, அந்த அம்மாவ அதுல உக்கார வைக்கப்போறதா சொன்னாங்க. நெசமாவா?"

"கேக்கறா."

"இருதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. சாஞ்ச நெலையில அசங்காம வச்சிருந்தீங்கன்னா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். தூக்கி எறக்கி, காலால மிதிக்கச் சொல்லி... அதெல்லாம் தாங்காது."

"கொஞ்ச நாள்னா?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க." பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தூங்கும் நாயைத் தாண்டுவதுபோல் படகின் வாலைத் தாண்டிப் போனாள்.

அந்தக் கொஞ்ச நாள் காலையிலிருந்து அவர் மார்பில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் கொஞ்ச நாள். அந்தப் பக்கம் இடுப்பகலத்தில் ஒரு படகு. யார் கேட்டாலும் சிரிக்கிற கணக்கு. ஆனால் போட வேண்டியவர் அவர்தான். பிள்ளைகள் இல்லை. கேட்டுச் சொல்ல வேறு ஆளும் இல்லை.

வாங்கும்போதே அவருக்கு இந்தப் படகு பிடிக்கவில்லை. விற்பவன் கடற்கரையில் மூன்று படகுகளை வரிசையாகப் போட்டிருந்தான். முதலாவது நல்ல அகலம். "இதுல ஏறி ஒரு தூக்கமே போடலாம்," என்றான். இத்தனை வருடமாக அவள் வாடகைப் படகில் போகும்போதெல்லாம் நிற்பதுபோல், கரையில் துண்டும் ஃபிளாஸ்கும் வைத்துக்கொண்டு நின்ற அவருக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரிலேயே எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுவார்.

அவள் மூன்றாவதில் ஏறினாள். ஏறினதும் விழுந்தாள். விழுந்ததும் வயிற்றால் படகின் மேல் படுத்து, திரும்பி, காலைப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடி விழுந்தாள். பார்க்கிறவர்களுக்கே இடுப்பு வலித்தது. வெளியே வந்தபோது மூக்கில் தண்ணீர், முழங்கையில் சிராய்ப்பு, வாயெல்லாம் பல்.

"இதுதான்," என்றாள்.

"அம்மா, நெலையா நின்னாத்தான் வேகம் வரும்," என்றான் விற்பவன். "விழுந்துக்கிட்டே இருந்தா, வேகமான படகு இருந்து என்ன பிரயோசனம்?"

"தம்பி, நான் பஸ் டிரைவர். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எருமை மாட்ட ஓட்டறேன். எனக்குன்னு வாங்கறப்பவாவது பாம்பு மாதிரி ஒண்ணு இருக்கட்டுமே."

"விழுந்துட்டே இருக்கியே," என்றார் அவர்.

"ஏறத் தெரியுதுல்ல? அப்புறம் என்ன?"

படகு செய்து வந்து சேர்வதற்குள் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்புறம் படுத்தால் மூச்சு வாங்கியது. அப்புறம் உட்கார்ந்தாலும். உறையைக்கூடப் பிரிக்காமல் படகு பேக்கரியின் பின்பக்கம் பல மாதம் கிடந்தது. மாவுத்தூசி படிந்து அதுவும் ஒரு நீள ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அனுப்பியபோது, வண்டியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அதக் கொண்டாந்து எனக்குத் தக்கபடி பூட்டிக் குடுங்க. ஒரு தடவ ஒக்காந்து பாத்துடறேன்."

மத்தியானம் பின்கதவு வழியாக அவள் தம்பி வந்தான். குழாய் வேலை செய்கிறவன். கையில் ஸ்குரு முடுக்கும் ஆலன் சாவி, பை நிறைய ஸ்குரு, கூடவே வாய்.

"என்ன அத்தான், கப்பல் எப்ப கெளம்புது? டிக்கெட்டு உண்டா, எனக்கு ஓசியா?"

"உனக்கு மூட்டையில எடம்," என்றாள் அக்கா கட்டிலிலிருந்து. குரல் மெலிந்திருந்தாலும் தம்பியைக் கண்டால் அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டதுபோல் ஆகிவிடும்.

"நேத்து இத உள்ள கொண்டாந்ததுக்கு வீட்ட கழட்டி வெளிய மாட்டியிருக்கலாம். சுலபமா முடிஞ்சிருக்கும்." அவன் குனிந்து பெடலை ஆட்டிப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு சமையலறைக்குப் போனான். அவரும் போனார்.

"நர்ஸ் எனக்கு ஃபோன் பண்ணுச்சு," என்றான் தாழ்ந்த குரலில். "வேணாம் அத்தான். ஸ்குரு கெடைக்கலன்னு சொல்லிடறேன். பசை காயலன்னு நீங்க சொல்லுங்க. நாளைக்கு நாளைக்குன்னு ஓட்டிடலாம். அவளும் மறந்துடுவா."

"மறப்பாளா?"

"மறக்கமாட்டா. சனியன்." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழாயைத் திறந்தான், மூடினான். குழாய்க்காரனுக்கு அது ஒரு பழக்கம். "ஏதாவது ஆயிடுச்சுன்னா ஊரு உங்களத்தான் பேசும். நானே பேசுவேன்னு வச்சுக்குங்களேன்."

அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து ஃபோமை எடுத்தார். பசை டப்பாவைத் திறக்கவில்லை.

"இதுக்குப் பசை போட்டா காய நேரம் ஆகும்மா. இன்னைக்கு..."

அவள் அவரையே பார்த்தாள். உதடு கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. "ஏங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கமாட்டேன். நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

சுவர் ஓரத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஃபோம் துண்டைக் கையில் புரட்டினார். முப்பது வருடமாக அவர் வேலையே காத்திருப்பதுதான். மாவு உப்பும்வரை, அடுப்பு சூடேறும்வரை, ரொட்டி ஆறும்வரை. எதற்கு எவ்வளவு காத்திருக்கலாம் என்பது அவர் கைக்கே தெரியும். உப்பின மாவை இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று வைத்திருந்தால் அமுங்கிப் புளித்துப்போகும் என்பதும் தெரியும்.

"பசை வேணாம்," என்றார். "அப்படியே செருகி வச்சாலே நிக்கும். மச்சான், கையக் கழுவிட்டு வா."

"அத்தான்..."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. வாடா."

மச்சான் வந்தான். அக்காவை இரண்டு கையிலும் ஏந்தினான். ஏந்தினதும் அவன் முகம் மாறிவிட்டது. எடையே இல்லை. அதை மறைக்க, "என்னக்கா, கல்லு மாதிரி கனக்கற!" என்றான். "பொய் சொல்லாதடா மூதேவி," என்றாள். மூக்குக் குழாய் சிக்காமல் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். மெதுவாகக் குழியில் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் ஃபோம் கச்சிதமாக அணைத்துக்கொண்டது. முதுகுக்குத் தலையணை. அவள் கண்ணை மூடி மூச்சைத் தேடினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். மூச்சு கிடைத்தது.

கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாகக் குறை சொன்னாள்.

"கால் எட்டல."

பெடல் இருக்கிற பலகையை அவரவர் கால் நீளத்துக்கு முன்னே பின்னே நகர்த்திப் பூட்ட வேண்டும். முந்தின நாள் அவர் டேப் வைத்து அளந்துதான் பூட்டியிருந்தார். இப்போது ஒரு சாண் இடைவெளி.

"எப்படி அளந்தீங்க?"

"நீ படுத்திருந்தப்ப. இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும்."

"ஒக்காந்தா முட்டி மடங்காதா? நீட்டிப் படுத்ததுக்கு அளவெடுத்தா அது பொணத்துக்கு எடுக்கற அளவுங்க."

மச்சான் பெடலையே பார்த்தான். அப்புறம் அவளே முதலில் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடியும் சிரித்தாள். மச்சானும் சிரித்தான், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் ஆலன் சாவியை எடுத்துப் பலகையைக் கழற்றினார்.

"ஒரு துளை கிட்ட."

நகர்த்தினார்.

"இன்னொண்ணு. ம். ஐயோ, அவ்வளவு இல்ல, பாதி."

"பாதித் துளை எங்கம்மா இருக்கு?"

"அப்ப முன்ன இருந்ததே இருக்கட்டும்."

டிப்போவில் அவளுக்கு இதே பேர்தான். ஒரே ஒரு நடை போவதென்றாலும் சீட்டையும் கண்ணாடியையும் தன் அளவுக்குத் திருப்பாமல் வண்டியை எடுக்கமாட்டாள். அவளுக்கு அடுத்து வண்டி எடுக்கிறவர்கள் முட்டி இடித்து அவளைத் திட்டிக்கொண்டே போவார்கள். பயணிகள் கத்தினாலும் கேட்கமாட்டாள். ஒரு முறை அவர் கேட்டதற்கு, "ஒக்கார்ற எடம் சரியில்லன்னா மனசு அங்கேயே நிக்கும். ரோட்டுல இருக்காது," என்றாள்.

பாதப்பட்டை வீங்கின காலுக்குப் போதவில்லை. அதையும் தளர்த்தினார்கள். விழுந்தால் படகு தனியாக ஓடிவிடாமல் இருக்க, கால் மூட்டுக்குக் கீழே ஒரு கயிறு கட்டுவார்கள். அதையும் கேட்டாள்.

"கூடத்துக்குள்ள எங்கக்கா ஓடிடப் போவுது?"

"கட்டுடா. கட்டாம யாராவது எறங்குவாங்களா?"

கட்டினான். கயிற்றின் ஒட்டுப்பட்டை வீங்கின காலைச் சுற்றி நுனியோடு நுனிதான் ஒட்டிக்கொண்டது. அவர் துடுப்பை அவள் மடியில் குறுக்காக வைத்தார். அவள் அதைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். கண் வாசற்கதவின் மேல் இருந்தது. பூட்டிக் கிடந்த அந்தக் கதவை அவள் பார்த்த பார்வையில், அவருக்கே அதற்கு அப்பால் ஏதோ இருப்பதுபோல் தோன்றியது.

"சுக்கானப் பாருங்க," என்றாள். "நான் மிதிக்கறது அங்க சரியா வருதான்னு. கோணலா இருந்தா நேரா போகாது."

"இப்ப மிதிக்க வேணாம்மா. ஒக்காந்தாச்சுல்ல?"

"பாருங்க."

அவர் சமையலறைக்குப் போய்ப் படகின் வாலுக்கு அடியில் தரையோடு தரையாகப் படுத்தார். மாவு மூட்டை மறைத்ததால் அங்கிருந்து கூடம் தெரியவில்லை. படகின் வெள்ளை வயிறும், அதன் கீழே உள்ளங்கை அளவில் தொங்கிய கறுப்புச் சுக்கானும்தான் தெரிந்தன.

"எடது மிதிக்கறா!" மச்சான் அங்கிருந்து கத்தினான்.

சுக்கான் அசைந்தது. தயங்கித் தயங்கி இடப்பக்கம் திரும்பியது.

"வந்துச்சு!" என்றார் அவரும் கத்தி.

"இப்ப வலது!"

அதுவும் வந்தது. ஆனால் அரைகுறை. பெடலிலிருந்து சுக்கானுக்கு வரும் கம்பியைப் பிடித்திருந்த மரையை அவர் ஒரு சுற்று இறுக்கினார். "இன்னொரு தடவ!" இப்போது முழுதாக வந்தது. திரும்பவும் இடது. திரும்பவும் வலது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவில் அவள் மூச்சுக்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவரும் காத்திருந்தார். இத்தனை வருடம் கரையில் நின்று பார்த்ததில், அவள் காலடியில் என்ன நடக்கிறதென்று அவர் கண்டதில்லை.

ஏன் செய்தோம் என்று அவருக்கே தெரியாது. நேராக நின்ற சுக்கானை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கமிருந்து ஓர் அழுத்தம் வந்தது. கம்பி வழியாக, படகின் வயிறு வழியாக, விரல் நுனிக்கு. விட்டது. மறுபடி அழுத்தியது.

"யாரு அங்க புடிச்சிருக்கறது?" இந்த முறை அவள் குரலே வந்தது, மெல்லிசாக.

"நான்தான்."

"விடுங்க. திரும்பணும்."

அவர் விரலை எடுத்தார். சுக்கான் நிதானமாக வலப்பக்கம் திரும்பியது. எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திரும்பி நின்றது.

"போதும்மா," என்றார். "இவ்வளவு திருப்பினா வட்டமடிச்சுடும்."

ஆக்சிஜன் மெஷின் உறுமியது. தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துச் சாத்தினார்கள்.

"சரியா வருதும்மா. கம்பி ரெண்டும் ஒரே அளவுதான்."

சுக்கான் அப்படியே நின்றது. அவர் மச்சான் கத்துவதற்குக் காத்திருந்தார். வாயை மூடத் தெரியாத பயல். தூக்கத்திலும் பேசுகிறவன். கூடத்தில் ஒரு முழங்கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. கன்னத்துக்குக் கீழே தரை குளிர்ந்திருந்தது. மூட்டையிலிருந்து சிந்தின மாவு அதில் மெல்லிசாகப் பரவியிருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புத் தகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பிறகு கையை நீட்டி, இரண்டு விரலால் சுக்கானைப் பிடித்து, மெதுவாக நேராக்கினார். எதிர்ப்பே இல்லை. கம்பி படகின் வயிற்றுக்குள் உரசிக்கொண்டு ஓடுவது கேட்டது. அங்கே வலது பெடல் பின்னால் வந்து, அவள் பாதத்தை முட்டியோடு கொஞ்சம் உயர்த்தி, இன்னொரு பாதத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து வைத்திருக்கும்.