சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்

பாட்டில் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவளுக்குப் பகல்தான் ராத்திரி. காலையில் வந்து, வாதம் வந்து பேச்சிழந்து முன்னறைச் சுவரோரம் படுத்துவிட்ட அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, உள்ளறையில் போய்க் கண்ணை மூடினால் பக்கத்து வீட்டுக்காரன் ஆரம்பித்துவிடுவான். ஒரு நாள் கிடார், ஒரு நாள் பிளாஸ்டிக் வாளியில் தாளம், ஒரு நாள் குழந்தைகள் தட்டுகிற பொம்மைக் கீபோர்டு. ஒரே வரி நாற்பது தடவை. நடுவில் இருந்தது பேருக்கு ஒரு சுவர். தும்மினால் அந்தப் பக்கத்தில் பதில் தும்மல் வரும்.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். துடைப்பக்கட்டையால் சுவரில் இடித்துப் பார்த்தாள். கடைசியில் ஹவுஸ் ஓனரிடம் போய், "அவன் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்" என்று நின்றாள். ஒரே மாதத்தில் அவன் காலி செய்தான். அன்றைக்கு அவள் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

அதற்கப்புறம் அம்மா நல்லாயிருந்த கையால் ஓயாமல் சுவரைத் தட்டத் தொடங்கினாள். புரண்டு படுக்கக் கேட்கிறாள் என்று நினைத்து மகள் புரட்டிவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நாலாவது மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

வருஷம் திரும்பியபின் ஒரு சாயங்காலம், கம்பெனி வேனில் பக்கத்து சீட்டுக்காரி இயர்போனில் ஒன்றை இவள் காதில் செருகினாள்.

"கேளேன். ஒருத்தனே எல்லாத்தையும் வாசிச்சுப் பாடியிருக்கான். முதல் பாட்டு தாலாட்டு, அடுத்தது கல்யாண பேண்டு, அதுக்கடுத்து ஒரே கத்தல். வீட்ல ஃபோன்லயே பதிவு பண்ணினதாம். கரகரன்னுதான் இருக்கு, ஆனா மனசை என்னமோ பண்ணுது."

மூன்றாவது பாட்டிலேயே அந்த நாற்பது தடவை வரி வந்தது. இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கி எறியத்தான் கை போயிற்று. ஆனால் துண்டு துண்டாய்க் கேட்டு வெறுத்த வரி, முழுசாகக் கேட்டபோது வேறாக இருந்தது. விட்டுவிட்டாள்.

ஏழாவது பாட்டில் பொம்மைக் கீபோர்டு மட்டும். அதன் பின்னால், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், ஒரு பெண் கூடவே முனகிக்கொண்டு போனாள். மூக்கால் இழுக்கிற இழுப்பு. பெற்றவள் குரல் தெரியாதா? சாகும்வரை இரண்டு வருஷம் ஒரு சொல்கூடக் கேட்காத குரல். அடுத்த நொடி சுவரில் டம் டம்மென்று இடி. "நிறுத்துடா சனியனே!" அது இவள் குரல். முனகல் அறுந்தது.

ஆல்பத்தின் ஆன்லைன் பக்கத்திலேயே எழுதி இடம் கேட்டு, அவன் வேலை பார்க்கிற பார்சல் கோடவுனுக்குப் போனாள். டீ இடைவேளையில் வெளியே வந்தவன் இவளைப் பார்த்ததும் தயங்கினான்.

"துடைப்பக்கட்டை அக்காதானே?"

"அந்த ஏழாவது பாட்டு..."

"உங்கம்மாதான். நான் வாசிச்சா பாடுவாங்க, நிறுத்தினா சுவத்தைத் தட்டுவாங்க. எது அவங்களுக்குப் பிடிக்கும்னு தெரியாமத்தான் மாத்தி மாத்தி வாசிச்சேன்."

"அவங்களுக்குப் பேச்சே வராதுப்பா."

"பாட்டு வந்துச்சேக்கா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். இப்ப எப்படி இருக்காங்க?"

அவள் சொன்னாள். அவன் கையிலிருந்த லேபிள் சுருளைக் கீழே வைத்தான்.

"வேற ஏதாவது பதிவு இருக்கா?"

"அந்த ஃபோன் போயிடுச்சுக்கா. மிச்சம் அதுதான். நீங்க கத்தினதை வெட்டிடலாம்னு பாத்தேன். ஆனா அவங்க கடைசி இழுப்பு உங்க குரலோட ஒட்டிக்கிட்டிருக்கு. வெட்டினா அதுவும் போயிடும்."

"இருக்கட்டும். எதுக்கு அவங்க என்கிட்ட பாடிக் காட்டல?"

"அது எனக்கென்ன தெரியும்? நீங்க எழுந்து வர்ற செருப்புச் சத்தம் கேட்டா டக்குனு நிறுத்திடுவாங்க. அன்னிக்கு ஒரு நாள்தான் நீங்க உள்ளேருந்தே இடிச்சதால அந்தச் சத்தம் கேக்கல போல."

பெல் அடித்தது. அவன் உள்ளே போனான். இவள் கேட்டுக்கு வெளியே, எந்தப் பக்கம் பஸ் என்று மறந்துபோய், லாரிகள் போகிற வழியிலேயே நின்றாள். வாட்ச்மேன் இரண்டு தடவை கத்தினார். மூன்றாவது தடவை வந்து, தோளைத் தொட்டு ஓரமாகத் தள்ளிவிட்டார்.