நூருல்லாவின் பதின்மூன்று நிமிடங்கள்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1994இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம், திருப்பூர் காதர்பேட்டை ரஹ்மத் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. (பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்காதீர்கள். கம்பெனியில் எல்லோரும் எடுத்து வைத்திருந்தார்கள், நானும் எடுத்தேன்.) அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் டைப் அடிப்பது என் வேலை. பிழையாகிப்போன காகிதங்களின் முதுகில் கதை எழுதுவேன்.

ஸ்டுடியோ சுவர் முழுக்கப் பனியன் போட்ட ஆண்கள். கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். பனியன் பெட்டி மூடிக்காக எடுத்த படங்கள். அவர்களுக்கு நடுவே ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மேலிருந்து பார்த்த தரிசுக் காடு. சாயம் போட்ட துணிகளைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக நீள நீளமாகக் காயப் போட்டிருந்தார்கள்.

"இது எங்கிருந்து எடுத்ததுங்க?"

"ஏரோப்ளேன்ல இருந்துங்க அம்மிணி. அப்ப ஓட்டத் தெரியாது. இப்பத்தான் ஓட்டறேன்" என்றார் ஸ்டுடியோக்காரர் நூருல்லா. "மொகத்தக் கொஞ்சம் எடது பக்கம் திருப்புங்க."

நான் திருப்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் பாஸ்போர்ட் படத்தில் வாயைத் திறந்தபடி இருக்கிறேன்.

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"நூருல்லாவுக்குச் சிறு வயதிலிருந்தே பறவைகளின் மேல் ஒரு..." பொய். அவரிடமே கேட்டேன். "கோழியத் தவிர எந்தப் பறவையும் தெரியாதுங்க" என்றார்.

"அன்று வானம்..." வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன்.

"1988 ஜனவரியில் லிங்கசாமிக்குத் தன் கம்பெனியை மேலிருந்து பார்க்க ஆசை வந்தது." இது உண்மை. இப்படியே போகலாம்.

3

லிங்கசாமி குன்னத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு அருள்புரத்தில் பனியன் கம்பெனி கட்டியவர். அதை மேலிருந்து படமெடுத்துக் காலண்டரில் போட வேண்டும் என்று முடிவு செய்தார். வானத்திலிருந்து படமெடுக்க அரசாங்க அனுமதி வேண்டும். அதற்கு மூன்று மாதம் அலைந்தார். கோயமுத்தூரில் ஒரு பறக்கும் பயிற்சிக் கிளப்பில் விமானம் பேசினார். படமெடுக்க, தன் பனியன் பெட்டிக்குப் படமெடுக்கும் நூருல்லாவையே அனுப்பினார்.

நூருல்லாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அதுவரை அவர் ஏறிய அதிகபட்ச உயரம் கல்யாண மண்டபத்து மொட்டை மாடி.

அது இரண்டே பேர் உட்காரும் சின்ன செஸ்னா விமானம். ஓட்டியவர் தெய்வாத்தாள், இருபத்தாறு வயதுப் பயிற்சியாளர். சக்கரம் தரையை விட்டதும் நூருல்லா இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, கேமராவப் பிடிங்க. சீட்டு எங்கயும் போகாது" என்றார் தெய்வாத்தாள்.

ஒரு சுருளில் முப்பத்தாறு படம். கழுவிப் பார்த்தால் கம்பெனி இரண்டில் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் நொய்யல் வளைவு, காயும் துணி, ரயில்வே லைன், கிணற்று மேட்டில் நின்று கையாட்டும் ஒரு பெண், மேகம், இன்னும் மேகம்.

"எம்பட கம்பெனி எங்கீங்க?" என்றார் லிங்கசாமி.

"இந்த மூலையிலங்க."

"மூலையில எங்க சித்தப்பனூட்டு மில்லு முழுசாத் தெரியுது. எம்படது பாதிதான் தெரியுது."

நியாயமான கோபம். ஆனால் லிங்கசாமி அந்த மற்றப் படங்களை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, "இன்னொருக்கா போயிட்டு வாங்க. இந்தத் தடவ மொதல்ல கம்பெனி, அப்பறம் மேகம்" என்றார்.

அந்த இரண்டாவது தடவையில்தான் அது நடந்தது. கம்பெனியை ஒழுங்காக எடுத்து முடித்துத் திரும்பி வரும்போது தெய்வாத்தாள் சொன்னார்: "ஒரு நிமிசம் இதப் பிடிங்க, நான் மேப்ப மடிக்கோணும்."

மேப் மடிக்க ஒரு நிமிடம் ஆகாது.* நூருல்லா பிடித்தார். மெல்ல இடது பக்கம் சாய்த்தார். பூமி முழுவதும் அவர் பேச்சைக் கேட்டுச் சாய்ந்தது.

(* நான் தெய்வாத்தாளிடம் கேட்டேன். மேப் ஏற்கெனவே மடித்துத்தான் இருந்ததாம்.)

4

இங்கே நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதை அழிக்காமல் அப்படியே விடுகிறேன்:

"விமானம் ஓட்டக் கற்கப்போவதாக நூருல்லா சொன்னதும் அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். 'வேண்டாங்க, எனக்குப் பயமா...'"

நான் படிக்கக் கொடுத்த இந்தப் பக்கத்தை நூருல்லா வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். மறுநாள் ரஹ்மத்துன்னிசா என் வாடகை வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் என் காகிதம்.

"கண்ணு, நான் எப்ப அழுதேன்?"

"கதைக்காகங்க அக்கா. யாராச்சும் வேண்டாம்னு சொல்லோணுமில்ல."

"அதுக்கு நான்தான் கெடச்சனா? எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கு வந்து ரெண்டு நாள் பேசவே இல்ல. சோத்துல கைய வெச்சுட்டு மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன். அரை நிமிசம் ஓட்டுனேன்னாரு. எங்க சொல்லித் தர்றாங்கன்னு கேட்டீங்களான்னேன். கேக்கலைன்னாரு. 'கேக்காம வந்துட்டு எதுக்குச் சோத்த ஆற விடறீங்க'ன்னேன். அடுத்த திங்கக்கெழம நானே கூடப் பஸ்ஸேறிப் போனேன். அதை எழுது."

எழுதிவிட்டேன்.

5

தெய்வாத்தாள் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. அவர் இருக்கிறார், நான் பார்த்துப் பேசியிருக்கிறேன். ஆனாலும் கதையில் வந்து நின்றதும் யாரோ இட்டுக்கட்டியவர் போலத் தெரிந்தார். இந்தக் கதையின் பாதியைப் படித்த ஒரு பத்திரிகை ஆசிரியர், "பெண் விமானி சரி, பேரை மட்டும் தீபா என்று மாற்றிவிடுங்கள், நம்புவார்கள்" என்று கார்டு போட்டார். நான் மாற்றவில்லை. கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையில் நெல்லும் கரும்பும் போடும் குடும்பம். குலதெய்வத்துக்கு வேண்டிப் பிறந்ததால் அந்தப் பெயர். கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் சேர்ந்தவர் பிறகு தரையில் நிற்கவே இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள்.

தன்னைவிட ஒன்பது வயது மூத்த மாணவரை அவர் திங்கட்கிழமை தோறும் திட்டினார். மரியாதையாகத் திட்டினார்.

"ரன்வே மேல வெயில் அருமையா விழுகுதுங்க" என்பார் நூருல்லா, இறங்கும்போது.

"அண்ணா, வெயில நான் பாத்துக்கறேன். நீங்க ஸ்பீடப் பாருங்க."

ரேடியோவில் பேச ஏ, பி, சி எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்ல வேண்டும். நூருல்லாவுக்கு நாக்கில் நிற்கவில்லை. ரஹ்மத்துன்னிசா சமையலறை டப்பாக்களில் சீட்டு ஒட்டினார். துவரம்பருப்பு ஆல்ஃபா, மல்லித்தூள் பிராவோ, சர்க்கரை சார்லி. கொஞ்ச நாளில் அந்த வீட்டில் டீ கேட்டால், "சார்லி எத்தன ஸ்பூன் போடட்டும்?" என்று கேட்பார்கள். எழுத்துகள் முதலில் மனப்பாடம் ஆனது ரஹ்மத்துன்னிசாவுக்கு. தேர்வில் நூருல்லா ஒரு தடவை தோற்றார். மறுதடவை பாஸ்.

இதற்குள் அவருக்கு இன்னொரு பெயரும் வந்துவிட்டது: ப்ளேன் போட்டோக்காரர். கிளப்பில் மாதிரி விமானப் போட்டி நடந்தாலும் பாராசூட்டில் குதித்தாலும் கோயமுத்தூர் மாலைப் பத்திரிகை ஒன்று அவரைத்தான் கூப்பிட்டது. எல்லோரும் குதிப்பவரைப் படமெடுப்பார்கள். இவர் கீழே அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் கழுத்துகளைப் படமெடுப்பார்.

அங்கேதான் சிக்கல். கிளப்பில் சிலர் முணுமுணுத்தார்கள். மூன்று வருஷமாகப் படிக்கிறார், இன்னும் தனியாக விடவில்லை, இந்த ஆள் படமெடுக்கத்தான் லாயக்கு, அந்தப் பொண்ணு நேரத்தை வீணாக்குகிறது. தெய்வாத்தாளின் காதிலும் விழுந்தது. நூருல்லாவின் காதிலும் விழுந்தது.

6

1992 பிப்ரவரியில் கிளப்பின் ஆண்டு விழா. பத்து மணிக்கு வான் சாகசக் காட்சி. பத்திரிகைக்குப் படமெடுக்க நூருல்லா ரஹ்மத்துன்னிசாவோடு ஆறரைக்கே வந்துவிட்டார். ஊர்க்காரர்களும் கட்டுச்சோற்றோடு வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் இடம் பிடித்திருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றுகொண்டிருந்தார். காற்று அசையவில்லை.

"வாங்கண்ணா, விழாவுக்கு முன்னால ஒரு மூணு ரவுண்டு போலாம்" என்றார் தெய்வாத்தாள்.

மூன்று சுற்று. மூன்றும் சுமாரான இறக்கம். மூன்றாவது முடிந்ததும் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொல்லி, தெய்வாத்தாள் கீழே இறங்கினார். கையை நீட்டினார்.

"கேமராவக் குடுங்க."

"எதுக்குங்க?"

"அது எங்கூட இருக்கட்டும். நீங்க மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

(இங்கே நூருல்லாவின் மனத்தில் ஓடியதை ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர் என்னிடம் சொன்னது ஒரே வரி: "பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சுங்க. அதையே பாத்துட்டு இருந்தேன்.")

ஒரு சுற்று என்றால் ஏழு நிமிடம். ஏறி, இடப்பக்கம் இரண்டு தடவை திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, மறுபடி இரண்டு தடவை திரும்பி இறங்க வேண்டும். ஒரு ஆள் பாரம் குறைந்ததால் விமானம் துள்ளிக்கொண்டு ஏறியது. நூருல்லா சத்தமாகச் சிரித்தாராம், தனியாக.

ஓடுபாதைக்கு இணையாகப் போகும்போதுதான் அதைப் பார்த்தார். மைதானத்தின் கோடியில், விழாவுக்காக ஒரு வெப்பக் காற்று பலூனை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்க்க, மண்ணிலிருந்து ஒரு பெரிய ஆரஞ்சு மொட்டு அவர் கண்ணெதிரே வீங்கி எழுந்தது. காலை வெயில் அதற்குள்ளே புகுந்து வெளியே வந்தது. அவர் வாழ்க்கையில் அகப்பட்ட ஆகச் சிறந்த படம். வலது கை தானாக மார்புக்குப் போனது. மார்பில் கேமரா இல்லை.

ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கூப்பிட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் அவருக்குக் கேட்டது. திரும்ப வேண்டிய இடம் தாண்டியிருந்தது.

அவசரமாகத் திரும்பினார். ஓடுபாதை எதிரே வந்தபோது உயரம் அதிகம், வேகமும் அதிகம். எப்படியாவது அழுத்தி இறக்கிவிடலாம் என்று தோன்றியது. கீழே தெய்வாத்தாள் நிற்கிறார், முணுமுணுத்தவர்கள் நிற்கிறார்கள்.

நூருல்லா ஒரு படத்தைக்கூட வேண்டாம் என்று வீசாதவர். கண் மூடிய மாப்பிள்ளை படத்தைக்கூட எடுத்து வைத்திருப்பவர். அவர் அந்த இறக்கத்தை வீசினார். முழு வேகம் கொடுத்து, "கோ அரவுண்ட்" என்று, இறங்காமல் இன்னொரு சுற்று வருவதாக ரேடியோவில் சொல்லி, கூட்டத்தின் தலைக்கு மேலே இரைந்தபடி ஏறிப் போனார்.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கிக்காரரும் அப்படியே நினைத்தார்: "பெரியோர்களே, தாய்மார்களே, இதோ நமது முதல் சாகச வீரர்."

ரஹ்மத்துன்னிசா தெய்வாத்தாளின் கையைப் பிடித்தார். "ஏனுங்க, ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"இல்லீங்க்கா. இப்பத்தான் பைலட் ஆயிருக்காரு."

இரண்டாவது தடவை பலூன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பொய், ஒரு தடவை திரும்பினார். முதலில் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். இறங்கும்போது விமானம் மூன்று முறை குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் கைதட்டல். பதின்மூன்று நிமிடம்.

7

மறுநாள் பத்திரிகை: தொடக்கம் என்று எல்லோரும் நினைத்த காட்சியைப் படமெடுக்க வேண்டியவரே வானத்தில் இருந்ததால், அவர் கேமராவில் தெய்வாத்தாள் அமுக்கித் தள்ளியதில் ஒன்றைத்தான் போட வேண்டியிருந்தது. ஒரு சக்கரம், அரை இறக்கை, நிறைய வெறும் வானம். கீழே, 'பார்வையாளர்களைச் சிலிர்க்க வைத்த சாகசம். படம்: நூருல்லா.'

லிங்கசாமி அதைக் கண்ணாடி போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டினார். "இதுல கம்பெனியே இல்லீங்களே" என்று நூருல்லா கேட்டதற்கு, "நீங்க இருக்கீங்கல்ல" என்றாராம்.

8

1995 ஆகஸ்டில் உரிமம் வந்தது. இனி ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பறக்கலாம். முதலில் போனது ரஹ்மத்துன்னிசா. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். போய்வந்து, "திருப்பூரு இத்துனூண்டுதான், இதுக்குள்ளயா இத்தன சண்ட" என்றார்.

அதோடு முடித்திருக்கலாம். நல்ல முடிவு. இன்னொரு முடிவும் எழுதினேன்: நூருல்லா பெரிய விமானங்களுக்குப் போய்... இல்லை. அவர் இன்றைக்கும் பனியன் பெட்டிக்குப் படமெடுக்கிறார், திங்கட்கிழமை பறக்கிறார். அவருக்கு அது போதும்.

முடிக்க முடியாததற்குக் காரணம் நான். போன திங்கட்கிழமை என்னையும் கிளப்புக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு இரண்டாவது மாடி ஜன்னலே ஆகாது. இத்தனை பக்கமும் தரையில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேன். விமானத்தின் கதவு திறந்திருந்தது. படியில் ஒரு காலை வைத்தேன். மற்றக் கால் புல்லில் இருந்தது. தெய்வாத்தாள் தூரத்தில் யாரையோ மரியாதையாகத் திட்டிக்கொண்டிருந்தார். ரஹ்மத்துன்னிசா, "ஏறு கண்ணு, ஏறாட்டியும் ஒண்ணுமில்ல" என்றார்.

ஏறினேனா என்பதை எழுதப்போவதில்லை. இத்தனை தூரம் கூட வந்தவர்கள் நீங்கள். என்னைத் தெரிந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நூருல்லா உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். என் பக்கம் குனிந்து பார்த்தார்.

"அவசரமில்லீங்க அம்மிணி," என்றார். "காத்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இப்படியேதான் இருக்கும்."