மாட்டாமல் விட்ட திரை

அப்பா இரண்டு கைகளையும் லேசாக விரித்துக்கொண்டு துணிக்கடைப் பொம்மை மாதிரி நின்றார். மகள் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது அவர் மோவாயைக்கூடத் தூக்கித் தரவில்லை. அவளே இரண்டு விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. காலமெல்லாம் வேன் ஓட்டி, பீரோவையும் கட்டிலையும் தனியாளாக மாடி ஏற்றிய மனுஷர். முந்தாநாள் மாலையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட அவராக எடுத்துக் குடிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

"அப்பா, கீழ வண்டி வந்துடுச்சு. போலாமா?"

நடந்தார். உட்காருங்கள் என்றால் உட்கார்ந்தார், எழுந்திருங்கள் என்றால் எழுந்தார். வாய்விட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை என்று மகளுக்கு இருந்தது. அம்மா போன துக்கத்தை அவளால் முழுசாகப் படக்கூட முடியவில்லை. இவரை இந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படித் திரும்பிப் போவது என்ற கவலை அந்தத் துக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தன்னோடு கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் யாரையும் தெரியாத அந்த ஊரில், அவளுடைய அடுக்குமாடி வீட்டின் நாற்காலியில் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து கரைந்துபோவார். நேற்று இரவு கேட்டுப் பார்த்தாள், "என்கூட வந்துடுங்களேன்ப்பா" என்று. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது பேருக்குத்தான். அந்தப் பகுதியில் வரவேற்புக் குழு என்று ஒன்று இருந்தது. எங்கெங்கிருந்தோ இரண்டு பெட்டியோடு வந்து இறங்கும் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, எந்தப் பஸ் எங்கே போகும் என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் அதன் வேலை. குழு என்று பெயர் வைத்துக்கொண்டாலும் பாதி நாள் அம்மாதான் குழு. வருகிறவர்கள் கதவைத் திறக்கும்போது விளக்கு எரிய வேண்டும், சாப்பாடு சூடாக இருக்க வேண்டும், படுக்கை விரித்திருக்க வேண்டும். அது அவள் வைத்த சட்டம். கட்டிலையும் மேஜையையும் வீடு வீடாகக் கேட்டு வாங்குவாள். தூக்கிக்கொண்டு போவது அப்பா.

"உங்கம்மா ஊருக்கு உழைக்கிறா, நான் உங்கம்மாவுக்கு உழைக்கிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்குவார். வந்தவர்களுக்கெல்லாம் அவள் அக்கா, அதனால் அவர் மாமா. "பொண்ணு எடுத்தது என்னமோ ஒரு வீட்லதான். மச்சினன் மட்டும் தெருவுக்கு நாலு பேரு" என்பார். சொல்லும்போது முகத்தில் பெருமை ஒளிந்துகொள்ளத் தெரியாமல் நிற்கும்.

அம்மாவிடம் மகளுக்குப் பிடிபடாத ஒரு பழக்கம் இருந்தது. எல்லாவற்றையும் செய்து முடிப்பவள் ஜன்னல் திரையை மட்டும் மாட்ட மாட்டாள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து மேஜைமேல் வைப்பாள். அதன் மேல் ஒரு கிண்ணத்தில் கொக்கிகளைப் போட்டு வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். போன விடுமுறையில் கூடப் போயிருந்த மகள், மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஸ்டூல் போட்டு ஏறி அவளே மாட்டினாள். சமையலறையிலிருந்து வந்து பார்த்த அம்மா கழற்றச் சொன்னாள்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. அதையும் முடிச்சுட்டா என்ன?"

"கழட்டி வெச்சுடு. அது நம்ம வேலை இல்ல."

வயசானால் இப்படி ஒரு பிடிவாதம் வரும் என்று மகள் விட்டுவிட்டாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

முந்தாநாளும் ஒரு குடும்பத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா மாடிப்படி இறங்கியிருக்கிறாள். பாதியில் நின்று, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

மயானத்தில் சொந்தக்காரர்களை மனதில் வைத்து மகள் சின்னக் கூடமாகத்தான் ஏற்பாடு செய்திருந்தாள். கூடம் நிறைந்து, வாசல் நிறைந்து, கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. பஸ் டிரைவர் ஒருவர் சீருடையோடு வந்திருந்தார். பேக்கரிக்காரரின் முழங்கையில் மாவு காயாமல் இருந்தது. இத்தனை பேர் கூடியும் செருப்புச் சத்தம் தவிர ஒரு சத்தமில்லை. அம்மா ஏதோ பொழுது போவதற்காகச் செய்கிறாள் என்று நினைத்திருந்த மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரியை மட்டும் எங்கும் காணோம். அம்மாவோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவள், அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதால் மகளுக்குச் சித்தியானவள். இன்றைக்குக்கூட வரவில்லையா என்று மகளுக்குச் சுருக்கென்றது.

எல்லாம் முடிந்து வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது வீடுகளில் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். மகள் சும்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவது மாடி ஜன்னலில் தொங்கிய மஞ்சள் பூத் திரை எங்கேயோ பார்த்ததாக இருந்தது. அவள் பள்ளியில் படித்த காலத்துப் படுக்கை விரிப்பு அது. அதற்குப் பக்கத்து ஜன்னலில் பழைய சாப்பாட்டு மேஜை விரிப்பு. எதிர்வரிசையில் அவள் கல்யாணத்துக்குமுன் தூங்கிய அறையின் நீலத் திரை, இரண்டாகக் கிழித்துத் தைக்கப்பட்டு இரண்டு வீட்டில் தொங்கியது. கண் போன பக்கமெல்லாம் தங்கள் வீட்டுத் துணி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒரு குடும்பத்தின் வெளிச்சம். தன் அம்மா இந்தத் தெருவையே கட்டியிருக்கிறாள் என்று நினைத்தபோது மகளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக் கதவைத் திறந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரை துடைத்திருந்தது, அப்பாவின் படுக்கை விரித்திருந்தது, சமையலறையிலிருந்து சூடான சாப்பாட்டு வாசனை வந்தது. அம்மாவின் செருப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அது எப்போதும் போலக் கதவோரம் கிடந்தது. தையல்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அங்க வர முடியல பாப்பா. யாராவது ஒருத்தர் இங்க இருக்கணும்ல."

அப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஜன்னல் மொட்டையாக இருந்தது. தெருவிளக்கு நேராக அவர் முகத்தில் அடித்தது. திரை துவைத்து மடித்து மேஜைமேல் இருந்தது, அதன் மேல் ஒரு கிண்ணம்.

"நேரம் பத்தல போல. நான் மாட்டிடறேன் சித்தி" என்று மகள் ஸ்டூலை இழுத்தாள்.

"வேணாம். வெச்சுடு." தையல்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள். "நாங்க இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் உக்காந்திருந்தாரு. கட்டில் யாரோ குடுத்தது, சாப்பாடு யாரோ ஆக்குனது. தட்டைத் தொடல மனுஷன். புள்ளைங்க மூஞ்சியில இதே வெளக்கு அடிக்குது, தூங்க மாட்டேங்குதுங்க. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு ஸ்டூலை இழுத்தாரு. மாட்டிட்டு எறங்கி, கைய கழுவிட்டு, சாப்பாடு போடுன்னாரு."

மகள் திரும்பி மேஜைமேல் இருந்த திரையைப் பார்த்தாள்.

"மறந்துட்டீங்களாக்கான்னு ஒரு நாள் கேட்டேன். சிரிச்சாங்க. எல்லாத்தையும் நானே செஞ்சு வெச்சா அது என் வீடுடி, அவரு வீடா ஆக வேணாமான்னாங்க."

மகளுக்குத் தெருவின் ஜன்னல்கள் எல்லாம் மறுபடி கண்ணுக்குள் வந்தன. அவற்றில் ஒன்றையும் அம்மா மாட்டவில்லை. ஒவ்வொரு திரையும், வந்த முதல் மாலையில் யாரோ ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து மாட்டியது. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, அது நம் வேலை இல்லை என்று ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொண்டவளை நினைத்து அவளுக்குக் கண் நிறைந்தது.

இருவரும் சமையலறை வாசலிலேயே நின்றார்கள். அடுப்பில் குழம்பு அடங்கிக் கொதித்தது. அப்பா முகத்தை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் விடவில்லை. கண்ணைச் சுருக்கி ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேஜையை.

இந்த வீட்டில் திரை மாட்டுவது எப்போதும் அவர் வேலை. அம்மா குள்ளம். "எட்டாததெல்லாம் உங்களுக்கு, எட்டுனதெல்லாம் எனக்கு" என்று பங்கு பிரித்து வைத்திருந்தாள். அவர் மேலே நிற்பார், அவள் கீழே நின்று கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்து மேஜைக்குப் போனார். திரையை உதறிப் பிரித்து, தலைப்பு எது, அடி எது என்று தடவிப் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்டூலை நகர்த்தி, ஆடுகிறதா என்று காலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினார். துணியின் ஓரத்தைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பின்னால் கீழே நீட்டினார்.

"கொக்கி" என்றார்.

விரித்த கை அந்தரத்தில் காத்திருந்தது. மகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மா நிற்கும் இடத்தில் நின்றாள். ஒரு கொக்கியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டு மேலே போனது.

வளையத்தில் கொக்கி விழும் சின்னச் சத்தம் கேட்டது. கை மறுபடியும் கீழே நீண்டது.