சாரல் மாதத்து மனைவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் சாரல் நின்ற மறுநாள் காலை, குற்றாலம் பழக்கடை அய்யாத்துரையின் மனைவி ஆவுடையம்மாள் வீட்டில் இல்லை. மறு வருஷம் ஆனியில் முதல் தூறல் விழுந்தபோது அடுப்படியில் நின்றுகொண்டு, நேற்று ஊறப்போட்ட உளுந்து எங்கே என்று கேட்டாள். இடைப்பட்ட மாதங்களில் கிணறுகளில் பாதாளக்கரண்டி போட்டுத் தேடியாகிவிட்டது. சுரண்டையிலிருந்து அவளுடைய அண்ணன் ஆட்களோடு வந்து அய்யாத்துரையின் சட்டையைப் பிடித்தாகிவிட்டது. பண்பொழி முருகனுக்குக் கொடுத்த முடிகூட வளர்ந்துவிட்டது. அவளுக்கோ ஒரு தூக்கம் தூங்கி எழுந்த கணக்குதான்.

ஆவணி கடைசியில் மறுபடியும் போனாள், ஆனியில் வந்தாள். மூன்றாவது தடவைக்கு ஊர் பழகிக்கொண்டது. மங்குஸ்தான் வந்துவிட்டதா என்று விசாரிக்கிறவர்கள் அதே மூச்சில் ஆவுடையம்மாள் வந்தாச்சா என்றும் விசாரித்தார்கள். அவள் இருக்கிற மாதங்களில் கடைக்கே தனிக் களை. காம்பில் பச்சை மாறாத மங்குஸ்தானாகப் பொறுக்கி, ஓடு விரலுக்கு லேசாக அமுங்குகிறதா என்று பார்த்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நசுக்கித் திறப்பாள். முதல் சுளையைக் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். வாங்க வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்தே இன்னொரு டஜன் கேட்பார்கள். அந்த முகத்தை வருஷம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அய்யாத்துரைக்கு வேறு ஆசை கிடையாது.

மாங்காயை வைக்கோலில் அடுக்கி, எலுமிச்சையை ஆற்று மணலில் புதைத்து, பருவம் போன பிறகும் பழம் விற்றுப் பேர் வாங்கியவன் அவன். பழத்தைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியைக் காப்பாற்றத் தெரியாதா என்று நினைத்துவிட்டான், பாவம். அறுபதாம் வருஷம் சாரல் மெலியத் தொடங்கியதும் பழம் அடுக்கிவைக்கும் கிட்டங்கியைக் கழுவி, புது வைக்கோல் பரப்பி, சன்னலில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, அவளை உள்ளே இருக்கச் சொன்னான். அவளுக்கும் போக மனசில்லை, இருந்தாள். சாரல் நின்ற பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். அந்த வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அய்யாத்துரை கொய்யாப்பழத்தைச் சும்மா கொடுத்தான்.

ஐப்பசியில் அவள் குதிகாலில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது. அமுக்கினால் குழிந்தது. பிறகு தோளில் ஒன்று. பழுத்து முற்றிய பலாவின் வாசனை கிட்டங்கியில் நிறைந்து, ஈ மொய்க்கத் தொடங்கியது. தென்காசி டாக்டர் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அய்யாத்துரை வைக்கோலை மாற்றினான், சாக்கை மாற்றினான், அடிபடாமல் அவளைப் பக்கம் மாற்றி மாற்றிப் படுக்கவைத்தான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"என்னைய விட்டுருங்க," என்றாள் உள்ளேயிருந்து. "இப்படியே வச்சிருந்தா அழுகிப் போவேன்."

"போனா திரும்பி வருவியாட்டி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போறதே எனக்குத் தெரிய மாட்டேங்கு."

சாக்கைக் கழற்றிவிட்டுக் கதவை விரியத் திறந்தான். வெயில் உள்ளே வந்தது. வைக்கோலில் அவள் படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது.

மறு ஆனியில் புள்ளி ஒன்றும் இல்லாமல் வந்தாள். அதற்குப் பிறகு அவன் எதையும் எடுத்துவைக்கவில்லை. அன்றைக்கு வந்த பழத்தை அன்றைக்கே விற்றான், மிஞ்சியதை மாட்டுக்குப் போட்டான். அவன் மீசை நரைத்தது. அவளுக்கு வருஷத்துக்கு மூன்று மாத வயசுதான் ஏறியது. ஒவ்வொரு ஆனியிலும் அவன் கன்னத்தைத் தடவி, ஒரு ராத்திரிக்குள் இப்படியா ஆவீர்கள் என்று வருத்தப்படுவாள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் சாரல் பொய்த்தது. ஆனி போயிற்று, ஆடியும் போயிற்று. அருவிப் பாறை வெயிலில் வெளுத்தது. மங்குஸ்தான் மரங்கள் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அய்யாத்துரை மலையைப் பார்ப்பான், உள்ளே போய் அடுப்படியைப் பார்ப்பான், திரும்ப வந்து கடையில் உட்காருவான். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. ஆவணியில், வருஷம் தவறாமல் வருகிற மதுரைக்காரர் நல்லகண்ணு கடை வாசலில் வந்து நின்று, ஆவுடையம்மாளைக் காணோமே என்று கேட்டார்.

"இந்த வருஷம் வரத்து இல்ல, அண்ணாச்சி," என்றான் அய்யாத்துரை. "நேந்திரம் இருக்கு. போடட்டுமா?"

நல்லகண்ணு ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.