பெண்களுக்கென்று ஒரு மட்டை

எங்கள் காலனியில் டுவைன் ஹூக்ஸ்ட்ராவைவிட அதிகமாக மட்டைகளைப் பற்றிப் பேசியவர் யாருமில்லை. அவரைவிட மோசமாக ஆடியவர்களையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அயோவாவில் ஆயுள் முழுக்க டிராக்டர் விற்ற மனிதர். ஓய்வு பெற்று அரிசோனாவுக்கு வந்தபோது டிராக்டர்கள் அங்கேயே நின்றுவிட்டன, வாய் மட்டும் கூடவே வந்துவிட்டது. அந்த வாய்க்கு இங்கே, சின்ன கோர்ட்டில் டென்னிஸ் மாதிரி மட்டையால் ஆடுகிற பிக்கிள்பால் தீனியாகக் கிடைத்தது. ஆட்டக் கமிட்டித் தலைவர் பதவிக்கு வேறு யாரும் நிற்காததால் அவரே தலைவர்.

அவருடைய கோல்ஃப் வண்டியின் பின்னால் ஒரு கூடை நிறைய மட்டைகள் இருக்கும். புதிதாக ஒரு பெண் கோர்ட் பக்கம் வந்துவிட்டால் வண்டி தானாகவே நின்றுவிடும். "கண்ணு, கையக் காட்டு" என்பார். சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, உள்ளங்கையின் நடு ரேகையிலிருந்து மோதிர விரல் நுனிவரை அளப்பார். கைப்பிடி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்வார்களாம். சொல்லட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அளந்து முடித்து, புருவத்தைச் சுருக்கி, ஏதோ பெரிய கணக்குப் போட்டவர் மாதிரி தலையாட்டி, கூடையிலிருந்து ஒரு மட்டையை எடுத்துக் கொடுப்பார். எல்லோருக்கும் அதே மட்டை. கோழிக்கால் போல விரல் இருக்கிறவளுக்கும் அதுதான், பன்றிப் பண்ணையில் வளர்ந்து, திமிறுகிற பன்றியைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்த என் கைக்கும் அதைத்தான் நீட்டினார், நான் வாங்கவில்லை. ஊர் முழுக்க அளவெடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே சட்டை தைக்கிற தையல்காரர் நான் பார்த்தவரையில் இவர் ஒருவர்தான்.

இளம் ஊதா நிறம். நடுவில் ஒரு பட்டாம்பூச்சி. குச்சி மாதிரி கைப்பிடி. கையில் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத கனம். "பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது" என்பார். பொம்பளைகளுக்கென்று அதில் செய்தது பட்டாம்பூச்சி ஒன்றுதான். மற்றபடி அது உள்ளே பாதி சரக்கை எடுத்துவிட்டு, மேலே இரண்டு மடங்கு சாயம் பூசிய மட்டை. அதை வாங்கிக்கொண்டு அவருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போன பெண்களை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலியில் வரிசையாகச் செருகு சட்டங்கள் இருக்கின்றன. வந்ததும் உன் மட்டையை அதில் செருக வேண்டும். முன்னால் இருக்கிற நான்கு மட்டைகளுக்கு உரியவர்கள் அடுத்த ஆட்டம். பேர் கேட்பதில்லை, ஆள் பார்ப்பதில்லை. மட்டைதான் ஆள். ஆளைப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. இந்தப் பாலைவன வெயிலில் எல்லோருக்கும் மூக்கிலோ காதிலோ வந்த புற்றுக் கட்டி எதையாவது தோல் டாக்டர் வெட்டி எடுத்திருக்கிறார். அதனால் எல்லோருமே அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை இழுத்துவிட்ட துணி, முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டத்தில் காலையில் பார்த்தால் வரிசையாக ஊதா மட்டைகள். எது யாருடையது என்று தெரியாமல் பெண்கள் ரிப்பன் கட்டிப் பார்த்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தார்கள். டுவைன் அந்த வரிசையைத் தன் வயலைப் பார்ப்பது மாதிரி பூரித்துப் போய்ப் பார்ப்பார்.

என் பழைய மட்டையின் கைப்பிடி உடைந்தபோது நான் கூடைப் பக்கம் போகவில்லை. பக்கத்து ஊரான மேசாவின் கடைவீதிக்கு வண்டியை விட்டேன். அங்கேயும் கடைக்காரன் என்னை நேராக ரோஜா நிற அலமாரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனான். நான் அவனை நிற்கவைத்துவிட்டு, கடையின் பின்சுவரில் ஒவ்வொரு மட்டையாகப் பந்தை அடித்துப் பார்த்தேன். பந்து பட்டதும் கை அதிர்கிறதா, அதைத்தான் பார்த்தேன். கடைசியில் கொஞ்சம் கனமான, கைப்பிடி தடித்த, இரண்டு கையாலும் பிடிக்க இடம் விட்ட ஒரு கறுப்பு மட்டை. பட்டாம்பூச்சி இல்லை. கை அதிரவில்லை. வாங்கிவிட்டேன்.

மறுநாள் டுவைன் அதைச் சட்டத்திலிருந்து உருவி, நிறுத்துப் பார்க்கிறவர் மாதிரி ஆட்டிப் பார்த்தார்.

"கண்ணு, இது ஆம்பள மட்டை. ஒரு மாசத்துல உன் முழங்கை போயிடும், பாரு."

"முழங்கை என்னோடதுதான?" என்றேன்.

அவர் மட்டையைச் சட்டத்தில் திரும்பச் செருகினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எந்தப் பெண்ணிடம் பேசினாலும் கண் மட்டையில்தான் இருக்கும்.

முழங்கை போனது எனக்கில்லை, அவர் மனைவி லவோனுக்கு.

லவோன் என் சிநேகிதி. காலனியில் முதல் ஊதா மட்டை அவளுக்குத்தான் வந்தது, பிறந்தநாள் பரிசாக. லவோன் வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய சூப் பானைகளை அடுப்பிலிருந்து இறக்கியவள். அவள் முன்கையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். என் மட்டைக்கும் அவள் மட்டைக்கும் கனத்தில் வித்தியாசம் அரை முட்டை. அந்த அரை முட்டையைத் தூக்க அவளுக்குத் தெம்பு போதாதாம், அவர் சொல்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வராது, அந்த ஆளின் தொப்பியைப் பிடுங்கி எறியலாம் போலத்தான் வரும்.

மட்டை லேசாக இருந்தால் பந்தைத் தள்ளுகிற வேலை முழுக்கக் கைக்கு வருகிறது. கைப்பிடி ஒல்லியாக இருந்தால் நழுவாமலிருக்க இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து முழங்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. லவோன் கையில் பட்டை கட்டிக்கொண்டு ஆடினாள். பந்து பட்டால் எலும்புக்குள் கூசுகிறது என்பாள். டுவைனிடம் சொன்னால், பிடி சரியில்லை என்பார். இன்னொரு நாள், வயசாகிறதல்லவா என்பார். மட்டையில் குறை இருக்கும் என்று மட்டும் அந்த வாயில் வந்ததே இல்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆடுகிறவர்களைத் தரம் பிரிப்பார்கள். தேறினால் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நிழலோடு இருக்கும் மேல் கோர்ட். தேறாவிட்டால் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் கோர்ட். லவோன் வந்த வருடத்திலிருந்தே தேறியதில்லை, நானும் இன்னும் ஏறவில்லை. இரண்டு பேரும் ஏறினால் பிப்ரவரியில் பக்கத்துக் காலனியோடு நடக்கிற பெண்கள் இரட்டையரில் ஜோடியாக ஆடலாம் என்பது எங்கள் திட்டம். ஆனால் தரம் பிரிக்கிற நாளுக்கு முந்தைய ஞாயிறு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து முடிந்து மேசை துடைக்கும்போது, லவோன் என்னிடம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"இந்தத் தடவையும் இல்லன்னா நான் விட்டுடறேன் மார்லிஸ். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா டெய்லி சாப்பாட்டு மேசைல 'உனக்கு வராது, உனக்கு வராது'ன்னு கேட்டுட்டு என்னால இருக்க முடியல. டுவைன் டாமினோ குரூப்ல என் பேரக் குடுத்துட்டானாம், கேக்காமலே."

டாமினோ! கைக்கு வலு உள்ள ஒரு பெண்ணைப் புள்ளி போட்ட கட்டைகளை அடுக்க அனுப்புகிறார்.

தரம் பிரிக்கிற நாள் வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே கமிட்டிச் சட்டை வேறு. கூடாரத்து நிழலில் மார்க் போட டுவைன் ஒரு நாற்காலி, பக்கத்துக் காலனியிலிருந்து வந்த இமோஜீன் ஒரு நாற்காலி. இமோஜீன் டெட்ராய்ட்டில் தபால் பட்டுவாடா செய்த அம்மாள். இங்கே யாரையும் தெரியாது, வேண்டாத பேச்சும் கிடையாது. சட்டத்திலிருக்கிற மட்டையைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிட்டார்கள். "கறுப்பு, பச்சை, ஊதாவுல ரிப்பன் கட்டினது, ஊதாவுல பட்டை சுத்தினது, மூணாவது கோர்ட்டுக்கு வாங்க."

கறுப்பு என்னுடையது, ஓரத்தில் பட்டை சுற்றிய ஊதா லவோனுடையது. தண்ணீர்க் குழாயடியில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊதாவால் நாலு பந்து அடித்துப் பார்த்ததிலேயே வலி வந்துவிட்டது, கண்ணாடிக்குக் கீழே கண்ணீர். எனக்கு வந்த ஆத்திரத்தில் யோசிக்கவே இல்லை. என் கறுப்பு மட்டையை அவள் கையில் திணித்துவிட்டு ஊதாவைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்றாள், உன் தரம் என்ன ஆகும் என்றாள். எனக்கு எந்த மட்டையாக இருந்தாலும் ஒன்றுதான் என்றேன். அத்தனை திமிர் எனக்கு.

ஆட்டம் தொடங்கியது. அந்த ஊதாச் சனியனைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் போதாது. ஓங்கி அடித்தால் பந்து வலையைத் தாண்ட மனசில்லாமல் விழுந்தது. அடக்கி அடித்தால் வேலிக்குப் போனது. கைப்பிடி வியர்வையில் சுழன்றது. முதல் ஆட்டம் முடிவதற்குள் எனக்கே முழங்கைக்குள் ஊசி குத்தியது. லவோன் இதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஆடினாளே என்று நினைத்தபோது அவள் மேல் மரியாதை கூடியது.

எதிர்ப்பக்கம் அவள் வேறு ஆளாக நின்றாள். முதல் இரண்டு பந்து பயந்து பயந்து அடித்தாள். கறுப்பில் அவ்வளவாக வலிக்கவில்லை என்று தெரிந்ததும் தோள் இறங்கியது. வலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கொதிக்கிற குழம்பில் கரண்டி விடுகிற நிதானத்தோடு பந்தை இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. நாங்கள் ஓடி ஓடி மூச்சு வாங்கியதும் ஒரே ஒரு அடி, நடுவில். தோற்றுக்கொண்டிருந்த எனக்கே கை தட்ட வேண்டும் போலிருந்தது.

ஆட்டம் முடிந்து கூடாரத்து முன்னால் போய் நின்றோம். டுவைன் எழுந்து, டிராக்டர் விற்ற காலத்துக் குரலை எடுத்தார்.

"கறுப்பு மட்டை. மார்லிஸ், நான் ஒத்துக்கறேன். அந்த மட்டை வேணாம்னு சொன்னது நாந்தான். ஆனா அந்தக் கை இருக்கு பாரு, அந்தப் பொறுமை, அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது. பொறவியிலயே இருக்கணும். மேல் கோர்ட்."

இமோஜீன் ஆமாம் என்று தலையசைத்தார். டுவைன் என் பக்கம் திரும்பினார். என் பக்கம் என்றால், என் கையிலிருந்த ஊதாவின் பக்கம். குரலில் பாவம் பார்க்கிற தொனி வந்தது.

"லவோன், கண்ணு, தப்பா நெனைக்காத. கல்யாணம் ஆன நாள்லேருந்து உன்னப் பாக்கறேன். உனக்கு இது வராது. கையில உரம் கெடையாது, பந்தப் பாக்கற புத்தியும் கெடையாது. சரியான மட்டையக் குடுத்தும் வரலன்னா அப்புறம் நான் என்ன பண்றது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் லவோன் தொப்பியைக் கழற்றிவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள், மூக்குத் துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள்.

"டுவைன், நான் இங்க இருக்கேன்."

மனிதர் அவள் கையிலிருந்த கறுப்பு மட்டையைப் பார்த்தார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் மட்டை. வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு அது நல்லதாக இருந்திருக்கும்.

மட்டை மாற்றியது விதிமீறல், இரண்டு பேருக்கும் மறுபடி நடத்த வேண்டும் என்று ஏதோ முணுமுணுத்தார். இமோஜீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நான் பந்த அடிச்சவளுக்குத்தான் மார்க் போட்டேன். கறுப்ப வச்சு ஆடினவ மேல. ஊதாவ வச்சு ஆடினவ கீழ." என்னைப் பார்த்தபோது அவர் கண்ணில் துளி இரக்கம் இல்லை. நியாயம்தான், அவ்வளவு கேவலமாக ஆடியிருந்தேன். பிப்ரவரி ஜோடி போயே போய்விட்டது. வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டுவைன் மனைவியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கை அவ்வளவு வலிச்சா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்" என்றாள் லவோன். "நீ மட்டையப் பாத்துட்டிருந்த."

அன்று சாயங்காலம் அவளும் நானும் மேசாவுக்குப் போனோம். பின்சுவரில் அவளே ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துத் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள். என் கறுப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அன்றிரவு வீட்டில் தனியாக விருந்தாளி அறையில் படுத்தவள், காலையில் டுவைன் அறையைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே கோர்ட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

அந்தக் காலையில் நான் கீழ் கோர்ட்டில், குப்பைத் தொட்டி வாசனையில், தொப்பியும் துணியுமாக என் முறைக்காக வேலியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். கையில் கறுப்பு மட்டை. பின்னால் கோல்ஃப் வண்டி வந்து நின்றது. கூடையில் ஒரே குவியலாக ஊதா மட்டைகள் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். காலையிலேயே பெண்கள் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

"கண்ணு" என்றார் டுவைன் என் முதுகிடம். அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. "ராத்திரி பூரா தூக்கமில்ல. நான் பேசினது தப்பு. நீ ஆடினத நான் பாத்தேன். நெஜமாவே பாத்தேன். உன்ன மாதிரி இங்க யாரும் ஆடல. வீட்டுக்கு வா, லவோன்."

நான் மெதுவாகத் திரும்பி மூக்குத் துணியை இறக்கினேன்.

"லவோன் மேல் கோர்ட்ல ஆடிட்டிருக்கா" என்றேன். "போய்ப் பாருங்க. புது மட்டை. என்ன கலர்னு நான் சொல்ல மாட்டேன்."