இரவல் சங்கிலியும் ஒரு கழுத்துக் கட்டியும்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1998-இல், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில், எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கழுத்தில் பிளாஸ்திரி, இன்னொருத்தி கழுத்தில் கனமான சங்கிலி. அதற்கும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார நான் என்ன சந்நியாசியா?

2

தொடக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன்: "மாமல்லபுரத்துக் கடல் அன்று ஏனோ..."

(வேண்டாம். கடலுக்கு இதில் வேலை இல்லை.)

பிளாஸ்திரிக்காரி சரோஜா. சில மாதங்களுக்கு முன் அவளுடைய இடது தாடைக்குக் கீழே, எலுமிச்சங்காய் அளவில், வலியில்லாத கட்டி ஒன்று வந்தது. பக்கத்து வீட்டுச் சந்திரம்மா (பஸ்ஸில் அந்தச் சங்கிலிக்காரி இவள்தான்) எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, உப்பிக்கினு கீது? பொன்னுக்கு வீங்கிதான். கழுத்துல பொன்னு பட்டா வத்திடும்."

"எம் பொன்னு சேட்டுக் கடையில இல்ல தூங்குது?"

சந்திரம்மா தன் சங்கிலியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள்.

3

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். சந்திரம்மா ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட இரவல் தராதவள். சரோஜாவே பஸ்ஸில் சொல்லிக்காட்டிச் சிரித்தாள். அவளா சங்கிலி தருவாள்? நியாயம் கற்பிக்க, இளவயதில் இறந்துபோன ஒரு தங்கையை அவளுக்கு உண்டாக்கி...

அடித்துவிட்டேன். கொடுத்தாள், அவ்வளவுதான்.

கட்டி வற்றவில்லை. சங்கிலியைத் திருப்பிக் கேட்டால் நம்பிக்கை போய்விட்டது என்றாகும், சந்திரம்மா கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் இது பொன்னுக்கு வீங்கி இல்லை என்றாகும்; சரோஜா கொடுக்கவில்லை. வேறென்ன என்பது இருவருக்கும் தெரியும். புற்று என்ற சொல்லைத்தான் இரண்டு வீட்டிலும் யாரும் வாயில் எடுக்கவில்லை.

4

ஆபரேஷனன்று நர்ஸ் நகையைக் கழற்றச் சொன்னாள். சரோஜா சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இத்த கழட்டினா நா போயிடுவேன்."

"சீ, வாய மூடு. நா போட்டுக்கினு வாசல்லயே குந்திக்கினு கீறேன். கத்தி உனக்கு, காவல் எனக்கு."

(பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்டது. மீதி என் உபயம்.)

5

பஸ் ஏறிய அன்றுதான் ஆஸ்பத்திரியில் முடிவு சொன்ன நாள். "நிணநீர்க் கணுவுல வந்த கட்டிம்மா. ரொம்ப அபூர்வம்!" என்று டாக்டர் பூரித்துப்போனாராம். மாணவர்களை வேறு கூப்பிட்டுக் காட்டினாராம். எங்கள் பக்கத்தில் அபூர்வமாக வருவது கிரகணம்.

"அபூர்வம் கெடக்கட்டும் சார். பொழைப்பாளா மாட்டாளா, அத்த சொல்லு," என்று பாய்ந்தாளாம் சந்திரம்மா.

"புற்று இல்லம்மா. சாதுவான கட்டி. முழுசா எடுத்தாச்சு, இனி பயமில்ல."

"நா அன்னிக்கே சொல்லல? பொன்னு பட்டாப் போயிடும்னு!"

இதைத் திரும்பச் சொன்னபோது சரோஜா சிரித்தாள். பிளாஸ்திரி இழுத்தது. சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

6

முடிவு.

அழுதுகொண்டே சரோஜா கழுத்தைத் தடவினாள். கட்டியும் இல்லை, சங்கிலியும் இல்லை. எதைத் தேடினாளோ. சந்திரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவள் கை மெதுவாகத் தன் பிடரிக்கு, சங்கிலிக் கொக்கிக்குப் போனது. நான் முன்னால் சாய்ந்தேன்.

"திருக்கழுக்குன்றம்! எறங்கும்மா, இன்னா வேடிக்க?" என்று கண்டக்டர் விரட்டினார்.

இறங்கிவிட்டேன், டிக்கெட் அதுவரைக்கும்தான். பஸ் கிளம்பிவிட்டது. நீங்கள் இன்னும் அந்த ஸீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.